கொரோனா வந்து குணமானால் இரண்டாம் தவணை வேண்டாமா? மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா செல்லும் தாய்க்கு ஒரு மருத்துவரின் பதில்

(2022 மார்ச் முதல் வார நிலவரப்படி எழுதப்பட்டது. இதில் வரும் பயண, தடுப்பூசி விதிகள் அன்றைக்கு இருந்தவை. அமெரிக்கா பரிசோதனை விதியை 2022 ஜூனிலும் தடுப்பூசி விதியை 2023 மே மாதத்திலும் நீக்கிவிட்டது)

கும்பகோணத்தை அடுத்த ஓர் ஊரிலிருந்து ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 61. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். நியூ ஜெர்சியில் இருக்கும் ஒரே மகளுக்குச் சித்திரை பிறக்கும் வாரத்தில் தலைப்பிரசவம். பி-2 என்னும் சுற்றுலா விசா கையில் இருக்கிறது. மார்ச் 26ஆம் தேதிக்கு டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது.

2021 ஏப்ரலில் கோவிஷீல்டு முதல் தவணை போட்டுக்கொண்டார். மே மாதம், இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தபோது, காய்ச்சல் வந்து வாசனையும் போய்விட்டது. மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்ற நேரம் என்பதால் பரிசோதனைக்குப் போகாமல் வீட்டிலேயே தேறினார். ஆகஸ்டில் ஒரு ஆய்வகத்தில் ரத்தத்தில் ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புப் பொருள்) பார்த்ததில், நிறைய இருப்பதாக அறிக்கை வந்தது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் அக்கா மகன், “நோய் வந்து போனால் அதுவே ஒரு தவணைக்குச் சமம் சித்தி, இன்னொரு ஊசி எதற்கு?” என்று சொல்ல, இரண்டாம் தவணையை விட்டுவிட்டார். இந்த ஜனவரியில் மறுபடி காய்ச்சல். 19ஆம் தேதி மாதிரி கொடுத்தார், 21ஆம் தேதி ‘பாசிட்டிவ்’ என்று குறுஞ்செய்தி வந்தது. மூன்றே நாளில் காய்ச்சல் விட்டது. பயணத்துக்கு முன் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று பிப்ரவரி 21ஆம் தேதி எடுத்த ஆர்டி-பிசிஆர் பரிசோதனையிலும் பாசிட்டிவ்.

டிக்கெட் எடுத்துக் கொடுத்த முகவர், ஐயாயிரம் ரூபாய் கொடுத்தால் நெகட்டிவ் அறிக்கைக்குத் தான் பொறுப்பு என்கிறாராம். ஊசி போடும் இடத்தில், கொரோனா வந்து மூன்று மாதம் ஆகாமல் போட முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சம்பந்தி வீட்டாரோ ஊசியே போடாமல் போன மாதம் அமெரிக்கா போய் இறங்கியிருக்கிறார்கள். “நான் இரண்டு முறை மீண்டு வந்தவள். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? என்னை விமானத்தில் ஏற்றுவார்களா, மாட்டார்களா?” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள அம்மா,

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். இன்று கையில் இருக்கும் காகிதங்களோடு போனால் உங்களை ஏற்ற மாட்டார்கள். ஆனால் மார்ச் 26க்குள் இதைச் சரிசெய்ய இன்னும் அவகாசம் இருக்கிறது. அது சில நாட்கள் மட்டுமே என்பதால், இந்தப் பதிலை மாப்பிள்ளைக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்காமல் முதலில் நீங்களே ஒருமுறை முழுவதும் படித்துவிடுங்கள்.

மீண்டதற்கான சான்று எங்கே செல்லும், எங்கே செல்லாது

அமெரிக்கா உங்களிடம் இரண்டு தனித்தனிக் கேள்விகள் கேட்கிறது. ‘தடுப்பூசி முழுமையாகப் போட்டிருக்கிறீர்களா?’ என்பது ஒன்று. ‘இப்போது உங்களிடமிருந்து தொற்று பரவாது என்பதற்கு என்ன ஆதாரம்?’ என்பது இன்னொன்று. மீண்டதற்கான சான்று இரண்டாவது கேள்விக்கு மட்டும்தான் பதில் ஆகும். நீங்கள் அதை முதல் கேள்விக்கும் பதிலாக வைத்திருக்கிறீர்கள். முடிச்சு விழுந்திருப்பது அங்கேதான்.

முதல் கேள்வி 2021 நவம்பர் 8 முதல் நடைமுறையில் இருக்கிறது. சுற்றுலா, வணிகம், படிப்பு, வேலை போன்ற விசாக்களில் விமானத்தில் வரும் 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் முழுத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் உள்ள தடுப்பூசிகளை ஏற்றுக்கொள்கிறார்கள். அதில் கோவிஷீல்டும் உண்டு, கடந்த நவம்பர் 3ஆம் தேதி சேர்ந்த கோவேக்சினும் உண்டு. இரண்டாம் தவணை போட்டு 14 நாள் ஆகியிருக்க வேண்டும். எத்தனை முறை நோய் வந்து மீண்டிருந்தாலும் இதில் விலக்கு இல்லை. பூஸ்டர் கேட்கவில்லை என்பது உங்களுக்கு ஆறுதலான செய்தி.

சம்பந்தி வீட்டார் எப்படிப் போனார்கள்? அவர்கள் கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் என்று கடிதத்தின் ஓரத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் இந்தத் தடுப்பூசி விதி கிடையாது, பரிசோதனை விதி மட்டும்தான். அவர்களைப் பார்த்து உங்கள் பயணத்தைத் திட்டமிட முடியாது.

உங்கள் அக்கா மகனும் பொய் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சான்றிதழில் நோயிலிருந்து மீண்டவருக்கென்று தனிச் சான்றே இருக்கிறது. பாசிட்டிவ் வந்த 11ஆம் நாளிலிருந்து 180ஆம் நாள் வரை அது செல்லும். மீண்டவர் ஒரு தவணை போட்டுக்கொண்டாலே தடுப்பூசி முழுமை பெற்றதாகப் பதியவும் வழி இருக்கிறது. அவர் தான் இருக்கும் இடத்தின் விதியைச் சொன்னார். நீங்கள் போகும் நாட்டில் அந்த விதி இல்லை. அங்கேயும்கூட, வாசனை போனது என்று சொன்னால் ஏற்க மாட்டார்கள், தொற்று இருந்ததை ஆய்வகம் உறுதிசெய்திருக்க வேண்டும். ஆகவே 2021 மே மாதம் உங்களுக்கு வந்தது கொரோனாதான் என்று ஒரு மருத்துவராக நான் நம்பினாலும், காகிதத்தில் அது வராத நோய்தான். ஆகஸ்டு மாத ஆன்டிபாடி அறிக்கையை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். என்றைக்கோ தொற்றோ தடுப்பூசியோ உடம்பைத் தொட்டிருக்கிறது என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. இவ்வளவு இருந்தால் பாதுகாப்பு என்று உலகம் ஒப்புக்கொண்ட எல்லைக்கோடும் இதுவரை இல்லை.

மூன்று மாதம் காத்திருப்பதா, இப்போதே போடுவதா

உங்களை உண்மையிலேயே திணற வைத்திருப்பது இதுதான். சுகாதார நிலையத்துச் செவிலியர் மேல் கோபப்படாதீர்கள். ஆய்வகத்தில் தொற்று உறுதியானவர்களுக்குக் குணமான நாளிலிருந்து மூன்று மாதம் கழித்தே எந்தத் தவணையும் போட வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் கடந்த ஜனவரியில்தான் மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. அவர் அதைத்தான் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஜனவரி 26ஆம் தேதி வாக்கில் நீங்கள் குணமாகிவிட்டதாக வைத்துக்கொண்டால், ஏப்ரல் 26ஆம் தேதி ஊசி. அதன் பிறகு 14 நாள். மே 10ஆம் தேதிக்கு முன்பு நீங்கள் விமானம் ஏற முடியாது. பிரசவம் முடிந்து மூன்று வாரம் கடந்திருக்கும்.

இப்போது போட்டுக்கொண்டால் ஆபத்தா? நோயிலிருந்து முழுமையாகத் தேறி, தனிமைக் காலமும் முடிந்துவிட்டால் தடுப்பூசி போடலாம் என்பதுதான் அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் வழிகாட்டுதல். அங்கே லட்சக்கணக்கானோர் அப்படிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்குக் குணமாகி ஐந்து வாரம் ஆகிவிட்டது. நோய் வந்து போன உடம்பில் ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் இருப்பதால் சற்றுப் பொறுத்துப் போட்டால் பலன் கூடுதலாக இருக்கும் என்பதே காத்திருக்கச் சொல்வதன் பின்னணி என்று நான் புரிந்துகொள்கிறேன். முன்னதாகப் போட்டால் கேடு என்று நான் கருதவில்லை. நீங்கள் என்னிடம் நேரில் வந்திருந்தால், சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துவிட்டு, போட்டுக்கொள்ளச் சொல்லிக் கடிதம் கொடுத்திருப்பேன்.

ஆனால் நான் உங்களைப் பரிசோதிக்கவில்லை. ஆகவே உங்களுக்கு வழக்கமாகச் சர்க்கரைக்கு மருந்து தரும் மருத்துவரிடம் நாளையே போங்கள். ஜனவரி மாத அறிக்கையையும் பயணச்சீட்டையும் காட்டுங்கள். அவருக்கும் சரி என்று பட்டால், வெளிநாட்டுப் பயணத்துக்காக இப்போதே இரண்டாம் தவணை தேவைப்படுகிறது, போடலாம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அதை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலரைப் பாருங்கள், வாசலில் பெயர் எழுதுபவரோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். முகாமில் யாரும் கேட்க மாட்டார்கள், கொரோனா வந்ததைச் சொல்லாமல் போட்டுக்கொள் என்று அக்கம்பக்கத்தில் யோசனை சொல்வார்கள். வேண்டாம். போட்ட பிறகு காய்ச்சல் அடித்தாலோ மூச்சு வாங்கினாலோ உங்களைப் பார்க்கும் மருத்துவருக்கு முழு விவரமும் தெரிந்திருக்க வேண்டும்.

மார்ச் 7ஆம் தேதி போட்டால் 21ஆம் தேதி 14 நாள் நிறையும், பயணத்துக்கு ஐந்து நாள் மிச்சம் இருக்கும். கடைசிக் கெடு மார்ச் 12. அதற்கு மேல் ஒரு நாள் தள்ளினாலும் டிக்கெட்டை மாற்றத்தான் வேண்டும். முதல் தவணைக்கும் இதற்கும் பதினோரு மாத இடைவெளி விழுந்துவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். மறுபடி முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.

ஊசிக்குப் பிறகு ஓரிரு நாள் உடல்வலியும் காய்ச்சலும் வரலாம். நோய் கண்டு மீண்டவர்களுக்குக் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். பாரசிட்டமால் போதும். ரத்தம் உறையும் சிக்கல் மிக அரிது, அதுவும் பெரும்பாலும் முதல் தவணைக்குப் பின் வருவது. இருந்தாலும் அடுத்த நான்கு வாரத்துக்குள் விடாத கடும் தலைவலி, நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம் என்று எது வந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். விமானத்தில் இருபது மணி நேரம் உட்காரப் போகிறவர் நீங்கள். நடுநடுவே எழுந்து நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும்.

மருத்துவ அலுவலரும் மறுத்துவிட்டால்? டிக்கெட்டை மே மாதம் இரண்டாம் வாரத்துக்கு மாற்றுங்கள். பிரசவ நாளன்று பக்கத்தில் இல்லையே என்ற வருத்தம் உங்களுக்கு இருக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் அமெரிக்க மருத்துவமனையில் பிரசவ அறையில் கணவர் உடன் இருப்பார். மகளுக்கு உங்கள் கை அதிகம் தேவைப்படப் போவது அதற்குப் பின்னால்தான். மாப்பிள்ளை விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி, இரவு முழுக்க விழித்த கண்ணோடு அவள் தனியாக உட்கார்ந்திருக்கும் வாரங்களில் நீங்கள் போய்ச் சேர்வீர்கள். பத்திய லேகியம் கிளறிக் கொடுக்க அப்போதும் நேரம் இருக்கும்.

எந்த ஊசியும் ஆகாது என்று மருத்துவரிடம் விலக்குச் சான்று வாங்கலாமே என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். தடுப்பூசியால் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வந்தவர்களைப் போன்றோருக்கு உரிய விலக்கு அது. முதல் தவணை உங்களுக்கு ஒரு சிரமமும் தரவில்லை. அதற்கு நீங்கள் உரியவர் இல்லை.

மறுபடியும் பாசிட்டிவ், முகவரின் ஐயாயிரம்

இனி இரண்டாவது கேள்வி. டிசம்பர் 6 முதல், இரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பயணிகளும் விமானம் புறப்படும் நாளிலோ அதற்கு முந்தைய நாளிலோ எடுத்த பரிசோதனையில் நெகட்டிவ் என்று காட்ட வேண்டும். இதற்குத்தான் நீங்கள் பயந்துபோய் ஐயாயிரம் ரூபாய் வரை யோசித்திருக்கிறீர்கள். அம்மா, இந்த இடத்தில்தான் மீண்டதற்கான சான்று உங்களுக்குக் கைகொடுக்கிறது.

ஆர்டி-பிசிஆர் பரிசோதனை வைரஸின் மரபணுத் துணுக்கைத் தேடுகிறது. அந்தத் துணுக்கு உயிருள்ள வைரஸுடையதா, செத்துப்போனதன் மிச்சமா என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. லேசாக நோய் வந்தவர்களிடம்கூட அந்த மிச்சம் சில வாரங்கள், சிலரிடம் மூன்று மாதம் வரை தென்படலாம். அதனால்தான் வீட்டுத் தனிமைக்கான நம் நாட்டு விதியே, பாசிட்டிவ் வந்து ஏழு நாள் ஆகி, தொடர்ந்து மூன்று நாள் காய்ச்சல் இல்லாவிட்டால் தனிமையை முடித்துக்கொள்ளலாம், மறுபரிசோதனை வேண்டாம் என்கிறது. பிப்ரவரி 21ஆம் தேதி நீங்கள் எடுத்தது தேவையில்லாத பரிசோதனை. அன்றைக்கு நீங்கள் நோயாளியாக இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பேத்திக்கோ பேரனுக்கோ தொற்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேனோ என்று தூக்கம் வராமல் கிடக்கிறீர்களே, அதற்குக் காரணமே இல்லை.

இந்த நிலையில் இருப்பவர்களுக்காகவே அமெரிக்கா ஒரு மாற்று வைத்திருக்கிறது. பயணத்துக்கு முந்தைய 90 நாளுக்குள் எடுத்த பாசிட்டிவ் அறிக்கை ஒன்று, குணமாகிவிட்டார், பயணம் செய்யலாம் என்று பதிவு பெற்ற மருத்துவர் தரும் கடிதம் ஒன்று. இரண்டும் சேர்ந்து இருந்தால் நெகட்டிவ் அறிக்கையே தேவையில்லை. நாள் கணக்கு மாதிரி கொடுத்த தேதியிலிருந்துதான், முடிவு வந்த தேதியிலிருந்து அல்ல. ஜனவரி 19இலிருந்து மார்ச் 26 என்பது 66ஆவது நாள். தாராளமாகச் செல்லும். ஏப்ரல் 19ஆம் தேதியோடு இந்தச் சலுகை உங்களுக்கு முடிந்துவிடும். பயணத்தை மே மாதத்துக்குத் தள்ளினால் மற்றவர்களைப் போல நெகட்டிவ் அறிக்கைதான் காட்ட வேண்டும். அப்போது ரேபிட் ஆன்டிஜன் பரிசோதனையையும் ஏற்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். பழைய மிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பாசிட்டிவ் காட்டுவது அதில் குறைவு.

குறுஞ்செய்தி மட்டும் போதாது. மாதிரி எடுத்த தேதி, பரிசோதனை வகை, ஆய்வகத்தின் பெயர், உங்கள் பெயர், பிறந்த தேதி ஆகியவை உள்ள முழு அறிக்கையை வாங்குங்கள். மருத்துவரின் கடிதம் அவருடைய பெயர், முகவரி, தொலைபேசி எண் அச்சிட்ட தாளில், ஆங்கிலத்தில், கையெழுத்தும் தேதியும் இட்டு இருக்க வேண்டும்.

இவ்வளவு நேர்மையான வழி திறந்திருக்கும்போது முகவரின் பொய் அறிக்கை எதற்கு? ஆய்வக அறிக்கையில் உள்ள கியூஆர் குறியீட்டை விமான நிலையத்தில் ஸ்கேன் செய்து பார்க்கிறார்கள். விமானம் ஏறும் முன், நான் கொடுத்த விவரம் அத்தனையும் உண்மை என்று நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுக்கும் படிவமும் ஒன்று உண்டு. அதில் தெரிந்தே பொய் சொல்வது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். பிடிபட்டால் இந்தப் பயணம் மட்டுமல்ல, மகளைப் பார்க்க இனிமேல் போக இருக்கும் பயணங்களும் போய்விடலாம். ‘எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள்’ என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். கையெழுத்துப் போடப் போவது அவர் அல்ல.

பெயரும் இனிஷியலும்

மருந்து, ஊசி எல்லாம் சரியாக இருந்தும் நம் ஊர்க்காரர்கள் கவுன்டரில் தடுமாறுவது பெரும்பாலும் இனிஷியலில்தான். ஆதாரில் இனிஷியலோடு பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் தகப்பனார் பெயராகவோ கணவர் பெயராகவோ விரிந்திருக்கும். அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவின் தரும் சான்றிதழ் ஆதாரைப் பார்த்து எழுதியது. கோவின் தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கவும் பெயரைத் திருத்தவும் வசதி இருக்கிறது. ஆனால் திருத்தும் வாய்ப்பை அளந்துதான் தருகிறார்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துப் பதியுங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கான சான்றிதழில் பிறந்த ஆண்டு மட்டும் இல்லாமல் முழுப் பிறந்த தேதியும் வரும். அதைத்தான் அச்செடுக்க வேண்டும்.

கடந்த மாதம் என் மேசைமேல் ஒரு பெரியவர் இரண்டு சான்றிதழ்களை விரித்து வைத்தார். இரண்டிலும் ‘முதல் தவணை’ என்றே இருந்தது. முதல் ஊசிக்குத் தன் கைப்பேசி எண்ணையும், இரண்டாவதற்கு மருமகள் எண்ணையும் கொடுத்திருக்கிறார். கோவின் கணக்கில் அவர் இரண்டு வேறு ஆட்கள். மகனைப் பார்க்கப் போக வேண்டியவர், அதைச் சேர்த்து வாங்குவதற்குள் பயணத் தேதியே கடந்துவிட்டது. நீங்கள் இரண்டாம் தவணைக்குப் போகும்போது சென்ற ஏப்ரலில் கொடுத்த அதே கைப்பேசி எண்ணையும் அதே அடையாள அட்டையையும் கொண்டு போங்கள். பதிவு செய்யும் பெண் கணினியில் உங்கள் பெயரை எடுத்ததும், முதல் தவணை தேதி திரையில் தெரிகிறதா என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள். பதிவில் சிக்கல் வந்தால் 1075 என்ற எண்ணை அழைக்கலாம்.

வளைகுடா வழியாகப் போகிறீர்கள். இடையில் இறங்கி மாறும் நாட்டுக்கும் விமான நிறுவனத்துக்கும் தனி விதிகள் இருக்கலாம். மீண்டதற்கான சான்றை அமெரிக்கா ஏற்றாலும் இடைவழியில் நெகட்டிவ் அறிக்கை கேட்டுவிட்டால் சென்னையிலேயே நின்றுவிடுவீர்கள். ஆகவே விமான நிறுவனத்துக்கு இப்போதே மின்னஞ்சல் அனுப்பி, அந்தச் சான்றோடு ஏற்றுவீர்களா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். அதை அச்செடுத்து மற்றக் காகிதங்களோடு வையுங்கள். மறுத்தால், மும்பையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ நேராக நியூ ஜெர்சியின் நூவர்க் விமான நிலையத்துக்குப் போகும் விமானத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது. விதிகள் வாரத்துக்கு வாரம் மாறுகின்றன. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பும், இரண்டு நாள் முன்பும் மகளை அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் தளத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் பட்டியல்கள் வேண்டாம்.

மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை நோயை மறைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கான மாத்திரைகளை, மருத்துவர் சீட்டோடு, கைப்பையிலேயே வையுங்கள்.

குழந்தையைத் தூக்கும் முன்

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பச்சிளம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகள் கக்குவான் இருமலுக்கான டிடாப் ஊசி போட்டிருக்கிறார்களா என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கேட்பார்கள். பெரியவர்களுக்கு வெறும் இருமலாகப் போகும் அந்த நோய், இரண்டு மாதக் குழந்தையின் மூச்சை நிறுத்திவிடக் கூடியது. குழந்தையிடம் போவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. தனியார் மருத்துவமனைகளில் கிடைக்கிறது. நாளை உங்கள் மருத்துவரைப் பார்க்கும்போது இரண்டாம் தவணையோடு இதையும் கேட்டு, எந்த ஊசியை எந்தக் கிழமை போடுவது என்று அவரையே தேதி குறித்துத் தரச் சொல்லுங்கள்.